நாலு கஞ்சு

போன மாதம் ஜொகூர் பாருவில் ஒரு பெரிய ஹோட்டலில் என் பேரனின் கல்யாண விருந்து. என்னை ஒரு டாக்டருக்கும் இன்னொரு டாக்டருக்கும் நடுவில் உட்கார வைத்திருந்தார்கள். கிழவனுக்கு ஏதாவது ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தியம் இருக்கட்டும் என்று நினைத்திருப்பார்கள் போல. மேசை நடுவே பளபளவென்று ஒரு வாளி, அதில் ஐஸ் கட்டிகள், மேலே ஒரு சின்னக் குறடு. கத்தரிக்கோல் மாதிரி இரண்டு கால், முனையில் பல். பார்த்தவுடன் கை சும்மா இருக்கவில்லை. எடுத்தேன். வாயைத் திறந்து மூடிப் பார்த்தேன். முனையைக் கட்டைவிரலால் தடவினேன். ஆணியில் ஆட்டம் இருக்கிறதா என்று காதோரம் வைத்துக் குலுக்கினேன். "இது ஆகாது. இதில் ஒரு தொடைக் கனத்துக் கட்டையைக்கூடத் தூக்க முடியாது" என்று சொல்லி வாளியிலேயே போட்டுவிட்டேன். வலது பக்கத்து டாக்டர் மெதுவாக என் கையை எடுத்து நாடி பார்த்தார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஐஸ் குறட்டைக் கண்டால் எனக்கு விறகுப் புகை வாசனை வருகிறது என்று சொன்னால் எந்த டாக்டர்தான் சும்மா இருப்பார்? நீங்களாவது பொறுமையாகக் கேளுங்கள். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு.

அந்தப் புகையே தனி. கெலாங் பாத்தா ஊரிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில் ஒரு ரப்பர் தோட்டம். அங்கே பால் வெட்டி, உறைய வைத்து, தகடாக அழுத்தி, புகைக்கொட்டகையில் துணி காயப்போடுவதுபோல வரிசையாகத் தொங்கவிடுவார்கள். கீழே நாள் முழுக்க விறகு புகைய வேண்டும். கருவாட்டையும் பழைய செருப்பையும் ஒரே சட்டியில் போட்டு வாட்டினால் ஒரு வாசனை வரும் அல்லவா, அதுதான். வந்த ஒரு மாதத்திலேயே அது என் சட்டையில் ஏறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால் சாம்பிராணியை அமுக்கிக்கொண்டு நான்தான் மணப்பேன். பாதிரியார் என் பக்கம் திரும்பும்போதெல்லாம் இருமுவார்.

சிங்கப்பூருக்குக் கடல்மேல் போட்ட பாலம் அப்போது புத்தம் புதிது. ஆளாளுக்கு ஒருமுறை அதில் நடந்துவிட்டு வந்து, ஏதோ தாங்களே கல் சுமந்து கட்டியதுபோலப் பெருமையடித்த காலம். என் அப்பா ஜொகூர் பாருவில் மாட்டுவண்டி ஓட்டியவர். மகன் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று யாரோ சொன்ன ஒரு வார்த்தைக்காக என்னை ஏழாவது வரை இங்கிலீஷ் படிக்க வைத்தார். அந்த முத்துகளைக் காட்டித்தான் தோட்டத்தில் ஸ்டோர்க் கிராணி, அதாவது சாமான் கணக்குப்பிள்ளை, வேலை வாங்கினேன். பாராங் கத்தி, சங்குள் மண்வெட்டி, கயிறு, வாளி, மண்ணெண்ணெய் எல்லாவற்றுக்கும் நான் ராஜா. இருபது வயது, வெள்ளைக் கால்சட்டை, காதில் பென்சில். கண் மண் தெரியுமா?

இன்னொரு வித்தையும் எனக்கு இருந்தது. பேச்சைத் திருத்துவது. அந்தத் தோட்டத்தில் ஒரு சாமானுக்கு மூன்று பெயர். யாழ்ப்பாணத்துப் பெரிய கிராணியார் "அலவாங்கு" என்பார். வெட்டுக்காரர்கள் "கடப்பாற" என்பார்கள். பக்கத்துக் கிராமத்து மலாய்க்காரர் "லிங்கிஸ்" என்பார். எல்லாம் ஒரே இரும்புக் கம்பிதான். யார் எதைச் சொன்னாலும் நான் மனதுக்குள் அதைச் சுத்தமான தமிழாக்கி, பிறகுதான் சாமானை எடுத்துக் கொடுப்பேன். இதில் எனக்குத் தோல்வியே வந்ததில்லை, செபமாலை வரும்வரை.

செபமாலை என்னைவிட நாலைந்து வயது மூத்தவன். சிங்கப்பூர்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன். கப்பல் வரத்து குறைந்த ஒரு வருஷம் மூன்று கூட்டாளிகளோடு, தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு எங்கள் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தான். நால்வருக்கும் விறகு வேலை. நெருக்கமாக வளர்ந்துவிட்ட ரப்பர் மரங்களில், அவர்கள் பேச்சில் கித்தா மரங்களில், பாதியை அப்போது வெட்டிச் சாய்த்திருந்தார்கள். அறுக்கிறவர்கள் அவற்றை நாலடி நாலடியாகத் துண்டு போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அந்தக் கட்டைகளை இவர்கள் பள்ளத்திலிருந்து மேட்டுக்கு, மாட்டுவண்டி நிற்கும் சாலைக்குக் கொண்டு வர வேண்டும். மேலே பார்த்தால் காய்ந்த சருகு, காலை வைத்தால் முழங்கால் சேறு. ஈரப்பட்டையில் பால் வேறு கசிந்து, கட்டை விலாங்கு மீன் மாதிரி வழுக்கும். வெறும் கையைக் கட்டைக்கு அடியில் கொடுத்துத்தான் தூக்கினார்கள். இரண்டே வாரத்தில் ஒருவனுக்கு விரல் நசுங்கியது.

அன்று சாயங்காலம் செபமாலை ஸ்டோர் வாசலில் வந்து நின்றான்.

"கிராணியாரே, வெறுங்கையால தூக்கி விரலு போவுது. நாளைக்கி நாலு பேருக்கும் நாலு கஞ்சு குடுத்துருங்க. கட்டைய ஒரு கை பாத்துர்றோம்லா."

கஞ்சு! என் முகத்தில் வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டேன். பாவம், படிக்காத ஆள், கஞ்சியைக் கஞ்சு என்கிறான் என்று மனதுக்குள் திருத்திக்கொண்டேன். அது ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலம் வேறு. வேதக்காரப் பையன், ஒருசந்தி இருக்கிறான் போல, வெறும் வயிற்றோடு கட்டை தூக்கினால் கை நடுங்காமல் என்ன செய்யும், விரல் நசுங்காமல் என்ன செய்யும் என்று நானே காரண காரியமும் கண்டுபிடித்துவிட்டேன். "நாளைக்குக் காலையில் வந்துடும். நீ கவலைப்படாதே" என்றேன். என்னவோ சக்கரவர்த்தி வரம் கொடுத்த மாதிரி.

கஞ்சி காய்ச்சுவது ஆயாக் கொட்டகையில். தாய்மார்கள் பால் வெட்டப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் கொட்டகை அது. அங்கே அடுப்படி வேலை செபமாலையின் தங்கச்சி ஆரோக்கியத்துக்கு. அந்தப் பக்கம் எனக்கு ஏனோ அடிக்கடி வேலை வந்துகொண்டிருந்தது. வாளி சரியாக இருக்கிறதா, விறகு காய்ந்திருக்கிறதா என்று ஒரு நாளைக்கு இரண்டு தரமாவது விசாரிக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அன்று உண்மையாகவே வேலை இருந்ததால் நிமிர்ந்து நடந்து போனேன்.

"நாளைக்குப் பிள்ளைகளுக்குக் காய்ச்சும்போது நாலு வாளி கூடுதலாகக் காய்ச்சணும். உங்க அண்ணன் கேட்டாரு. கட்டை தூக்க."

அவள் துடுப்பை நிறுத்தினாள். "கட்ட தூக்கவா? அண்ணன் கஞ்சின்னா கேட்டுச்சு?"

"கஞ்சுன்னாரு. கஞ்சிதானே?"

அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். அடுப்புப் புகை என்று நினைத்தேன். "ஆமாங்க, கஞ்சிதான்" என்றாள்.

மறுநாள் காலை நாலு வாளிக் கஞ்சி, தோளில் வைத்துச் சுமக்கும் காண்டாக் கம்பில் தொங்கிக்கொண்டு பள்ளத்துக்குப் போயிற்று. சின்ன வெங்காயம், நெத்திலிக் கருவாடு, ஒரு வாழை இலை நிறைய உப்பு மாங்காய். நானும் பின்னாலேயே போனேன், நன்றி சொன்னால் வாங்கிக்கொள்ள. செபமாலை வாளிகளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடி வாளிக்குள் எட்டிப் பார்த்தான்.

"இத எங்க மாட்டுறது?" என்றான்.

எனக்குப் புரியவில்லை. அவனும் விளக்கவில்லை. கூட்டாளிகள் அதற்குள் முதல் வாளியைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். கிடைத்ததை விடுவானேன் என்று அவனும் உட்கார்ந்தான். நான் ஸ்டோருக்குத் திரும்பிவிட்டேன்.

பசித்த நாலு பேர், நாலு வாளிக் கஞ்சி, மர நிழல். நடக்க வேண்டியதுதான் நடந்தது. பத்து மணிக்குத் துரை சுற்றி வந்தபோது, நாலு காலி வாளிக்குப் பக்கத்தில் நாலு பேரும் மல்லாந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு கட்டைகூட அசையவில்லை. துரை ஸ்டோருக்கு ஆள் அனுப்பினார்.

எங்கள் துரை புத்தகம் வைத்துத் தமிழ் கற்றவர். அதில் ஐகாரம் இல்லை போலிருக்கிறது.

"கிராணி! கஞ்சி கட்டே தூக்கும்?"

"அவங்கதான் கேட்டாங்க துரை."

"சனிக்கிழமே பன்னெண்டு மணி. கட்டே எல்லாம் ரோட்டிலே. இல்லே, திங்கக்கிழமே எருமே வரும்."

எருமை என்றதும் சிரித்துவிடாதீர்கள். எங்களில் யாரும் சிரிக்கவில்லை. வெளியே ஒரு குத்தகைக்காரன் எருமை கட்டிக் கட்டை இழுத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு விறகு வேலையைக் கொடுத்துவிட்டு, இந்த நாலு பேரையும் பொந்தியான் பக்கத்திலிருக்கும் இன்னொரு தோட்டத்துக்கு அனுப்பிவிடுவதாகத் துரை முன்பே ஒருமுறை சொல்லியிருந்தார். அங்கே விறகு வேலை கிடையாது. நாலு பேரையும் நாலு பிரிவில் போடுவார்கள். ஒன்றாக மூட்டை தூக்கி, ஒன்றாகப் பட்டினி கிடந்து, ஒன்றாக வந்தவர்கள். அண்ணன் போனால் தங்கச்சியும் போவாள். எல்லாம் என் ஒரு எழுத்துத் திருத்தத்தால்.

துரை போனபிறகு செபமாலை தலையிலடித்துக்கொண்டான்.

"கஞ்சுன்னா கொக்கிலா! இரும்புக் கொக்கி! கைப்பிடி போட்டது. தஞ்சோங் பகார்ல மூட்டைய கொத்தித் தூக்குவோமே, அது!"

"நீ கஞ்சியத்தான் அப்படிச் சொல்றியோன்னு..."

"அலமாக்! கட்ட தூக்குறவன் கஞ்சி எதுக்குக் கேக்குறான்?"

"தபசு காலமாச்சே..."

"தபசு காலம் வந்தா கட்ட தானா நடந்து வருமா?"

அவன் சொன்னது மலாய்ச் சொல். சந்தை மலாய் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு, ஆனால் நான் அறிந்த கொக்கி "காயிட்". துறைமுகத்துக் கொக்கிக்குத் தனிப் பெயர் உண்டென்று எந்த மீன்காரனும் எனக்குச் சொல்லவில்லை. ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டேன். மறுநாளே "கஞ்சிக் கிராணி" என்ற பெயர் தொழிலாளர் லயமெல்லாம் பரவிவிட்டது. பால் வாளியோடு போகும் பெண்கள் ஸ்டோர் வாசலில் நின்று, "கிராணியாரே, ஆணி அடிக்கணும், ரெண்டு கரண்டி கஞ்சி இருக்குமா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

புதன்கிழமை ரப்பர் ஏற்றிக்கொண்டு தோட்டத்து லாரி ஜொகூர் பாருவுக்குப் போகும். ஏற்றி இறக்க ஆள் வேண்டுமென்று சொல்லிச் செபமாலையையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். அம்மாவுக்குக் கொடுக்க ஸ்டோரில் பழுக்க வைத்திருந்த வாழைத்தாரையும் இறக்கி எடுத்துக்கொண்டேன். அந்தத் தார் எதில் தொங்கிக்கொண்டிருந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். மறந்துவிட்டால் ஞாபகப்படுத்துங்கள்.

துறைப் பக்கம் ஒரு சீன முதலாளியின், அதாவது தவுக்கேயின், பழைய இரும்புக் கடை. ஒரு பீப்பாய் நிறையக் கொக்கிகள். நான் பளபளப்பாக, நீளமாக, ஊசி மாதிரி முனையுள்ள நாலை எடுத்தேன். செபமாலை அவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டான்.

"இது மீன் புடிக்கலா. கித்தாக் கட்ட மெத்துன்னு இருக்கும். இவ்ளோ கூரு உள்ள போனா வெளிய வராது. கட்டைய புடுங்கறதா, கொக்கிய புடுங்கறதா?"

"அப்போ மழுங்கினது எடுத்துக்கோ."

"மழுங்குனது ஈரப்பட்டையில வழுக்கும். வழுக்குனா பின்னால உழுவேன். நீங்களா புடிப்பீங்க?"

அப்புறம் அவன் தேர்ந்தெடுத்த விதத்தை நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். கைப்பிடியைப் பிடித்து, இரும்புத் தண்டு நடு விரல்கள் இரண்டுக்கும் இடையே வருகிறதா என்று பார்ப்பான். முனை, மூடிய கைக்கு நேர் கீழே நிற்க வேண்டும். ஒரு பக்கமாகப் போனால் பாரம் ஏறியதும் மணிக்கட்டு திருகிக்கொள்ளும் என்றான். பிறகு கொக்கியைக் கடையின் குறுக்குக் கட்டையில் மாட்டித் தானே தொங்கினான். தவுக்கே கூரையைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தார். பீப்பாயில் இருந்த அத்தனையிலும் தொங்கிப் பார்த்ததில் நாலு தேறின. மூன்றாவதில் தொங்கும்போது தவுக்கேயே சுவாரசியமாகி, தன் பங்குக்கு ஒன்றில் தொங்கிப் பார்த்தார்.

"கொக்கி சின்னக் கட்டைக்கிதான். பெருசுக்கு என்ன பண்றது?" என்று வெளியே வந்ததும் அவனே கேட்டான். அப்போதுதான் எதிரே ஐஸ் கடையில் ஒரு ஆள் பெட்டி அளவு ஐஸ் பாளத்தை வண்டியிலிருந்து இறக்குவதைப் பார்த்தேன். பெரிய இரும்புக் குறடு. இரண்டு கொம்பு மாதிரி வளைந்த கால், உள்பக்கம் பார்த்த முனை, மேலே இரண்டு வளையம். வளையத்தைத் தூக்கத் தூக்க முனை தானாக நெருங்கிக் கடித்தது. எவ்வளவு பாரமோ அவ்வளவு பிடி. இந்த உலகத்தில் ஈரக் கட்டையைவிட வழுக்குவது ஒன்று உண்டென்றால் அது ஐஸ்தான். அதைத் தூக்குகிற சாமான் இதைத் தூக்காதா?

"ஐஸு எங்க, கட்ட எங்க? போங்க கிராணியாரே, அடுத்தது கஞ்சிக்கு ஐஸு போடச் சொல்லுவீங்க" என்றான்.

நான் விடவில்லை. ஐஸ் கடைக்காரர் எங்கள் தெருவில் குடியிருந்தவர். மூலையில் இரண்டு பழைய குறடுகள் துருப்பிடித்துக் கிடந்தன. வாயை விரித்துப் பார்த்தேன், என் இரண்டு முழங்கைக்கு நடுவில் பிடிக்கிற அகலம். ஆணி ஆடவில்லை. கேட்டேன். அவர் பார்வை என் தோளில் இருந்த வாழைத்தார் மேலேயே நின்றது. தார் கைமாறியது, குறடும் கைமாறியது. வெறுங்கையோடு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது இங்கே வேண்டாம்.

வியாழக்கிழமை பள்ளத்தில் நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சின்னக் கட்டைக்கு ஆளுக்கொரு கஞ்சு, இரண்டு முனையிலும் கொத்து, தூக்கு, நட. விரல் கட்டைக்கு அடியில் போகவே இல்லை. பெரிய கட்டைக்கு இரண்டு குறடும். வளையத்தில் காண்டாக் கம்பைக் கொடுத்து முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் தோளில் ஏற்றினால், கட்டை கல்யாணப் பெண் மாதிரி பல்லக்கில் போயிற்று. செபமாலை என்னைப் பார்த்துப் பேசவில்லை. ஆனால் ஐஸ் குறட்டைத் தானே கழுவி, எண்ணெய் போட்டு வைத்தான். அவனைப் பொறுத்தவரை அது பெரிய மன்னிப்பு.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மழை. சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு எல்லாக் கட்டையும் சாலையில் அடுக்கியாயிற்று, ஒன்றைத் தவிர. தோட்டத்திலேயே பெரிய மரத்தின் அடிக்கட்டை. துரை கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மேட்டில் நின்றார். ஐஸ் குறட்டின் வாய் அதற்குப் பற்றவில்லை, இன்னும் ஒரு சாண் வேண்டும். கஞ்சைக் கொத்தினால் பட்டைதான் உரிந்து வந்தது. கடப்பாறை போட்டு நெம்பினால் கட்டைக்குப் பதிலாகக் கடப்பாறை சேற்றுக்குள் இறங்கியது. நாலு பேரும் தோள் கொடுத்துத் தள்ளினார்கள், கால் வழுக்கி நாலு பேரும் விழுந்தார்கள். ஆயாக் கொட்டகைப் பக்கத்திலிருந்து ஆரோக்கியம் ஒரு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அன்று சிரிப்பு இல்லை.

தூக்க முடியாததை உருட்டலாமே என்று அப்போதுதான் தோன்றியது. இப்போது வாழைத்தார் விஷயத்துக்கு வருவோம். ஸ்டோரில் எனக்கு முன்னால் இருந்த கிராணி வாழைத்தார் தொங்கவிட ஒரு கம்பு வைத்திருந்தார். நெஞ்சு உயரம், என் மணிக்கட்டுக் கனம், முனைக்குக் கொஞ்சம் மேலே ஆணியில் ஆடும் ஒரு பெரிய வளைந்த கொக்கி. வாழைத்தாருக்கு எதற்கு இவ்வளவு பலமான இரும்பு, அது ஏன் ஆடுகிறது என்று நான் யோசித்ததே இல்லை. புதன்கிழமை தாரை இறக்கியபின் கம்பு மொட்டையாக நின்றபோதுதான் முதல்முதலாக அதைப் பார்த்தேன். செபமாலையிடம் காட்டியதற்கு, "அது வாழத்தாரு கொக்கி. கட்டைக்கி எதுக்கு?" என்று தள்ளிவிட்டிருந்தான். நானும் வைத்துவிட்டேன்.

ஓடினேன். கம்பைத் தூக்கிக்கொண்டு, வெள்ளைக் கால்சட்டையோடு பள்ளத்தில் இறங்கினேன். கம்பைக் கட்டையின்மேல் சாய்த்துக் கொக்கியை விட்டு இழுத்தேன். கொக்கி நழுவியது, நான் சேற்றில் உட்கார்ந்தேன். மேட்டில் யாரோ "கஞ்சி கொண்டாங்கடா" என்று கத்தினார்கள். எழுந்து, கம்பைத் திருப்பிப் பிடித்து, கொக்கியை மறுபக்கத்துப் பட்டையில் விழவிட்டுக் கம்பை உயர்த்தினேன். கடித்தது. நான் உயர்த்த உயர்த்த இன்னும் கடித்தது. கட்டை முனகிக்கொண்டு அரைச் சுற்றுப் புரண்டது. வாழைத்தாருக்கல்ல, கட்டை புரட்டவே செய்த கம்பு அது.

செபமாலை வந்து என் கையிலிருந்து கம்பைப் பிடுங்கினான். "சரிலா கிராணியாரே, நகருங்க. இனி நான் பாத்துக்கிறேன்" என்றான். அவன் புரட்ட, மற்ற மூவரும் அடியில் ஆப்பு வைக்க, கட்டை புரண்டு புரண்டு மேடேறியது. துரை கடிகாரத்தை மூடினார்.

"வாழேப்பழம் கொக்கி. வெரி குட்" என்றார். எருமை வரவில்லை.

நான் சேற்றோடு மேட்டில் உட்கார்ந்திருந்தேன். செபமாலை பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவனுக்கும் மூச்சு வாங்கியது.

"கிராணியாரே, நாலு கஞ்சி சொல்லுங்க."

"கொக்கிதான் இருக்கே?"

"கஞ்சி. கஞ்சி! இந்த வாட்டி நெசமாவே கஞ்சி. குடிக்கிற கஞ்சி!"

அடுத்த வருஷம் ஆரோக்கியத்தை நான் கட்டிக்கொண்டேன். "கட்ட தூக்குற வூட்லயா பொண்ணு எடுக்கறது?" என்று அம்மா இரண்டு மாதம் பேசாமல் இருந்தாள். "மாட்டுவண்டி ஓட்டுற வீட்டுக்குக் கட்டை தூக்குற வீடு சரியாப் போச்சு" என்றார் அப்பா. செபமாலை மச்சானாகிவிட்ட பிறகும் என்னைக் கிராணியாரே என்றுதான் கூப்பிட்டான்.

அந்தக் காலத்தில் புருஷன் பெயரைப் பெண்சாதி வாயால் சொல்ல மாட்டாள். எல்லாரும் "என்னங்க", "இங்க பாருங்க", "மூத்தவன் அப்பா" என்று எதையாவது வைத்து ஓட்டுவார்கள். என்னைக் கூப்பிட ஆரோக்கியத்துக்குப் பெயர் தயாராக இருந்தது. "கஞ்சிக்காரரே!" கடைத்தெருவில், கோயில் வாசலில், ஒருமுறை பத்து பகாட் என்ற ஊருக்குப் போகும் பஸ்ஸில் முன் சீட்டிலிருந்து பின் சீட்டுக்கு. ஆரம்பத்தில் எனக்குக் கூசும். ஏதோ நான் கஞ்சி விற்கிறவன் என்று நினைத்து ஒரு கிழவர் என்ன விலை என்றுகூடக் கேட்டிருக்கிறார்.

எங்கள் மூன்றாவது பிள்ளை நடக்க ஆரம்பித்த சமயம். ஒரு நாள் காலை அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தபோது, கையை எடுக்காமலே சொன்னாள்:

"எனக்கு அன்னைக்கே தெரியும்."

"என்ன தெரியும்?"

"கஞ்சுன்னா கொக்கின்னு. நான் தஞ்சோங் பகார்ல வளந்தவ. எங்கூட்டு ஆணியிலயே நாலு தொங்கும்."

இத்தனை வருஷம் கடப்பாறையை விழுங்கியவன் மாதிரி அந்த அவமானத்தை நான் செரிக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இவள் அடுப்படியில் நின்று சிரித்திருக்கிறாள்.

"அப்புறம் ஏன் சொல்லல?"

"அண்ணனும் அவங்களும் காலையில வெறுங்கோப்பி குடிச்சுட்டுத்தான் கட்ட தூக்கப் போவாங்க. கஞ்சி வேணும்னு அதுங்க கேக்குமா? கேட்டாதான் நீங்க குடுப்பீங்களா? நீங்களே வந்து நாலு வாளின்னு சொல்றீங்க. நான் எதுக்குத் தடுக்கணும்?" அரிசியைத் திரும்ப ஒருமுறை அளைந்தாள். "தூங்கிருவாங்கன்னு நெனக்கல. அந்த வாரம் பூரா நான் செபம் சொல்லாத நேரமில்ல. பொந்தியானுக்குப் போயிட்டா அப்புறம் வாளி சரியா இருக்கான்னு யாரு வந்து கேப்பாங்க?"

நான் வந்தது வாளியைப் பார்க்க இல்லையே. அதையும் தெரிந்துதான் வைத்திருந்தாள்.

இப்போது அந்தத் தோட்டம் இல்லை. பள்ளத்தை மண் போட்டு நிரப்பி வீடு கட்டியிருக்கிறார்கள். ரப்பரைப் புகை போட விறகு அடுக்கி நான் பார்த்துப் பல காலம் ஆயிற்று. வீட்டில் காஸ் சிலிண்டரை ஒரு பையன் காலால் உருட்டிக்கொண்டு வந்து போட்டுவிட்டுப் போகிறான். கஞ்சு நாலும் யார் கையில் போயிற்றோ. ஐஸ் குறடு ஒன்று ரொம்ப நாள் எங்கள் கோழிக்கூண்டுக் கதவுக்கு முட்டாக இருந்தது. ஜப்பான்காரன் வந்த வருஷம் செபமாலை போனான். ஆரோக்கியம் போன வருஷம் போனாள். தாத்தா, அங்கிள், பெரியவரே, மிஸ்டர் என்று என்னைக் கூப்பிட ஊரில் எத்தனையோ பெயர் இருக்கிறது. அந்த ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. எத்தனை கூசினேனோ அத்தனைக்கும் இப்போது ஏங்குகிறேன்.

விருந்துக்கு வருகிறேன். டாக்டர் நாடியைப் பார்த்து முடித்ததும், கல்யாணப் பெண்ணே எழுந்து வந்து என் பக்கத்தில் குனிந்தாள். நல்ல பெண். சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். வெள்ளைப் பட்டுச் சேலை சரசரத்தது.

"தாத்தா, உங்களுக்கு ஒண்ணும் ஒத்துக்கல போல. என்ன வேணும் சொல்லுங்க, கிச்சன்ல கேட்டுப் பாக்கறேன்."

என்ன தோன்றியதோ, ஐஸ் வாளியைப் பார்த்துக்கொண்டே "நாலு கஞ்சு" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. வயசானவர், பல் இல்லை, நாக்கு குழறுகிறது என்று நினைத்திருப்பாள். என் கையைத் தட்டிக்கொடுத்து, ரொம்ப அன்பாகத் திருத்தினாள்.

"கஞ்சிதானே தாத்தா?"

சுற்றிப் பார்த்தேன். அத்தனை மேசையிலும் இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்த ஒரு முகம் இல்லை.

"ஆமாம்மா, கஞ்சிதான்" என்றேன்.